பழைய டிஸ்க், புதுப் பெட்டி: குன்னூர் அச்சகம் ஒன்றின் எக்ஸ்பி கணினியை மாற்றிய பதிவு

பழைய பெட்டியில் இருந்தவை: ஜி41 போர்டு, கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம். 80 ஜிபி ஐடிஇ (அகலப் பட்டை கேபிளில் இணையும் பழைய வகை) டிஸ்க்கில் விண்டோஸ் எக்ஸ்பி. 500 ஜிபி சாட்டா (அதற்குப் பின் வந்த, மெல்லிய கேபிள் வகை) டிஸ்க்கில், டி டிரைவாக, கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புக் என்று அச்சகத்தின் மொத்த வேலையும். மென்பொருள் என்று பார்த்தால் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப் 7, யூனிகோடு அல்லாத பாமினி வகையும் டேப் வகையுமாக நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள். போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போய், குளிர்ந்த காலையில் பவர் பட்டனை நாலைந்து தடவை அழுத்தினால்தான் உயிர் வரும் நிலை. தந்தி மாரியம்மன் திருவிழா நோட்டீஸ் வேலை தொடங்குவதற்குள் மாற்றியாக வேண்டும்.

புதிதாக வாங்கியவை: ஐ3-12100, எச்610 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே நேராகச் செருகும் எஸ்எஸ்டி), 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கேபினெட்டும் டிவிடி டிரைவும் பழையவையே. ஏடிஎக்ஸ் என்ற போர்டு அளவுத் தரம் மாறவில்லை என்பதால் பழைய இரும்புக் கேபினெட்டில் புதுப் போர்டு சிக்கலில்லாமல் உட்காரும். இன்றைய கண்ணாடிக் கேபினெட்டுகளில் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு இரண்டே இடம்தான் இருக்கும், டிவிடிக்கு இடமே இருக்காது. பழையதில் முன்பக்க யுஎஸ்பி 3 கிடையாது, அவ்வளவுதான் குறை. எஸ்எம்பிஎஸ் மட்டும் பழையதை மறுபடி போடவே கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் போர்டில் உப்பியவற்றின் வயதுதான்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பழைய டிஸ்க்கை அப்படியே புதுப் போர்டில் செருகிப் பார்ப்போம் என்பது. ஐடிஇ டிஸ்க்கைச் செருக இடமே இல்லை. 2006-இல் வந்த ஐசிஎச்8 சிப்பிலேயே இன்டெல் அதைக் கைவிட்டுவிட்டது. சாட்டா டிஸ்க்கில் எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ இருந்தாலும் பூட் ஆகாது. அவை எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் போட்டவை, பழைய பயாஸ் முறையில் பூட் ஆகுபவை. இன்டெல் 500 வரிசை போர்டுகள் தொடங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை மட்டும் வைத்து ஓட்டினால், பழைய பயாஸ் முறை பூட் கிடைக்காது. அந்த முறையை இயக்கும் சிஎஸ்எம் என்ற வரியே பயாஸில் மங்கிக் கிடக்கும். பூட் ஆகவில்லை என்றதும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. டிஸ்க்கில் குறையே இல்லாமல் இருந்திருக்கும்.

இந்த வேலையில் பழைய டிஸ்க் என்பது படித்து எடுக்க வேண்டிய பொருள் மட்டுமே. அதன் மேல் ஒரு எழுத்துகூட எழுதாமல் முழுப் பிம்பம் (டிஸ்க் முழுவதையும் அப்படியே பிரதியெடுத்த ஃபைல்) எடுத்துவிட்டால், பிறகு எந்தப் பரிசோதனையையும் பிம்பத்தின் நகலில் தைரியமாகச் செய்யலாம்.

மலையில் டிஸ்க்கைக் கையாளுவது

உயரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் இயங்கு உயரம் 3,000 மீட்டரை ஒட்டியது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். எனவே நீலகிரியில் எங்கேயும் கவலையில்லை. டிஸ்க்கைப் படிக்கும் ஹெட், சுழலும் தட்டுக்கு மேலே காற்றில் மிதப்பதால்தான் இந்த வரம்பே வந்தது. அந்தக் காற்று உள்ளே வெளியே போய்வர டிஸ்க் மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு, "மூடாதீர்கள்" என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஈரம் உள்ளே போகாமலிருக்க என்று அதன் மேல் டேப் ஒட்டி வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. ஒட்டாதீர்கள்.

உண்மையான தொல்லை ஈரம். ஜனவரியில் உறைபனி விழும் இரவு முழுக்க கிடங்கில் கிடந்த டிஸ்க்கை, ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்து உடனே பவர் கொடுத்தால், குளிர்ந்த உலோகத்தின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். கேஸ் ஹீட்டராக இருந்தால் இன்னும் மோசம், கேஸ் எரியும்போது நீராவியும் சேர்ந்தே வரும். மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே கொண்டுபோகும்போதும் இதே கதைதான். ஜிப் கவருக்குள் வைத்தபடியே அறைச் சூட்டுக்கு வரவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கவரைத் திறக்க வேண்டும். கவருக்கு வெளியே ஈரம் கோத்தால் பரவாயில்லை, துடைத்துவிடலாம்.

ஈரத்தின் இன்னொரு விளைவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகையை டி6 அல்லது டி8 டார்க்ஸ் பிட்டால் கழற்றித் திருப்பினால், ஹெட்டுக்குப் போகும் ஊசிகள் தொடும் இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன உலோகத் திட்டுகள் இருக்கும். சில டிஸ்க்குகளில் இவை கறுத்துப் போயிருக்கும். மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் மாட்டினால், விட்டுவிட்டுத் தெரிந்துகொண்டிருந்த டிஸ்க் ஒழுங்காகத் தெரியும். உப்புத்தாள் வேண்டாம், மேல்பூச்சே போய்விடும். பலகை கருகியிருந்தால் அதே மாடலில் இன்னொன்றை வாங்கி மாட்டினால் போதும் என்பதும் தவறு. அந்தந்த டிஸ்க்கின் அளவீடுகள் பலகையில் உள்ள எட்டுக்கால் சிப்பில் இருக்கின்றன. அதைப் பெயர்த்து மாற்ற வேண்டும். மேல்மூடியைத் திறப்பது என்ற பேச்சே வேண்டாம்.

உடல்நிலை பார்ப்பது

பழைய பெட்டி இன்னும் எழும்புகிறது என்றால், கழற்றுவதற்கு முன் அதிலேயே டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது. யுஎஸ்பி வழி ஐடிஇ அடாப்டர்களில் பல ஸ்மார்ட் தகவலைக் கடத்துவதில்லை. எக்ஸ்பியை பூட் செய்யாமல், சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மீட்புத் தொகுப்பு உள்ள பென்டிரைவிலிருந்து பூட் செய்து பார்க்க வேண்டும். கோர் 2 டுவோ 64 பிட் பிராசஸர், 2 ஜிபி ராம் போதும். எக்ஸ்பி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும்.

பார்க்க வேண்டிய எண்கள் நான்குதான். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டுகள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198 சரிசெய்யவே முடியாதவை. 199 கேபிளில் தகவல் சிதைந்த எண்ணிக்கை. 197-இல் பூஜ்ஜியத்துக்கு மேல் எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டக் கூடாது. கெட்ட செக்டரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று அது ஹெட்டை வதைக்கும், கிடைக்காத துண்டுகளை ஃபைல் பட்டியலிலிருந்தே வெட்டிவிடும். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை குறையாது, ஆனால் மேலே ஏறாது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைக் கொண்டு பார்ப்பவர்கள், அது மூல மதிப்பைப் பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். மேம்பட்ட அமைப்புகளில் பத்தடிமானத்துக்கு மாற்றிவிட்டால் பாதிப் பயம் தீரும். சில நிறுவன டிஸ்க்குகளில் 1-ஆம் எண்ணில் கோடிக்கணக்கில் காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இங்கே 80 ஜிபி டிஸ்க்கில் 197-இல் சில செக்டர்கள் நின்றன. 500 ஜிபியில் 5, 197, 198 மூன்றும் பூஜ்ஜியம். 199 மட்டும் ஏறியிருந்தது. சாட்டா கேபிளின் பூட்டுக் கிளிப் உடைந்து தளர்ந்திருந்ததே காரணம்.

பிம்பம் எடுப்பது

பழைய போர்டு எப்போது அணையும் என்று சொல்ல முடியாததால் பிம்பம் எடுக்கும் வேலை புதுப் பெட்டியில் நடந்தது. சிஸ்டம்ரெஸ்க்யூ பூட் ஆக, பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டும். ஐடிஇ டிஸ்க்குக்கு யுஎஸ்பி அடாப்டர். இதில் இரண்டு இடங்களில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஜம்பர் (டிஸ்க்கின் பின்புறச் சிறு ஊசிகளில் செருகும் மூடி): அடாப்டரில் மாட்டும்போது மாஸ்டர் இடத்தில் இருக்க வேண்டும், கேபிள் செலக்டில் விட்டால் பல அடாப்டர்களுக்கு டிஸ்க் தெரியாது. மற்றொன்று, பவர்: மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். மலிவு அடாப்டரோடு வரும் சார்ஜர் அதைத் தாங்காமல் சரிய, டிஸ்க் டிக் டிக் என்று அடித்து நின்றுவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டு டிஸ்க் செத்தது என்று தூக்கிப் போடுவதற்கு முன், புது எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் முனையிலிருந்து பவர் கொடுத்துப் பார்க்க வேண்டும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் வயர் வேண்டுமென்றால், கம்பிகள் தனித்தனியாகக் கிரிம்ப் செய்த வகையை வாங்குங்கள். முனை முழுதும் வார்த்த பிளாஸ்டிக்காக இருக்கும் வகை, உள்ளே கம்பிகள் தொட்டுக்கொண்டு உருகிப் புகைவதற்குப் பேர்போனது.

பிம்பம் எடுக்கும் டிடிரெஸ்க்யூ கட்டளைக்கு மூலம் முதலில், இலக்கு அடுத்து, எது வந்தது எது வரவில்லை என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கடைசியில். இலக்கை ஒரு ஃபைலாகவே கொடுங்கள், இன்னொரு டிஸ்க்காகக் கொடுக்க வேண்டாம். ஃபைலாகக் கொடுத்தால் வலுக்கட்டாயமாக எழுது என்ற கட்டளையே தேவைப்படாது. அது தேவை என்று நிரல் முரண்டு பிடித்தால் மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள், அங்கேயே நிறுத்திச் சரிபார்க்கலாம். இலக்கு இருக்கும் டிஸ்க் எஃப்ஏடி32 ஆக இருந்தால் 4 ஜிபியைத் தொடும்போது நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 வேண்டும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டாமல் தாண்டிப் போகச் சொல்லி, நல்ல பகுதி முழுவதையும் எடுத்துவிட வேண்டும். அதன்பின் நேரடிப் படிப்பு முறையில், மூன்று மறுமுயற்சியோடு இரண்டாம் சுற்று. மேப் ஃபைல் இருப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து லைன் அறும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

யுஎஸ்பி 2 அடாப்டரில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் வரும். 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரம். 500 ஜிபி டிஸ்க்கைப் போர்டின் சாட்டாவில் நேராக மாட்டினால் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடியும்.

இரண்டு சுற்றுக்குப் பின் 80 ஜிபியில் 8 செக்டர்கள் மட்டும் வரவில்லை. மொத்தம் 4 கேபி. இந்த இடத்தில் ஒரு சின்ன வேலை செய்தால் நிம்மதி கிடைக்கும். மேப் ஃபைலில் இருக்கும் பைட் இடத்தை 512-ஆல் வகுத்து, பார்ட்டிஷன் தொடங்கும் செக்டரைக் கழித்து, என்டிஎஃப்எஸ்கிளஸ்டர் என்ற கருவியிடம் கொடுத்தால் அது எந்த ஃபைலின் துண்டு என்று சொல்லிவிடும். வந்த பதில் பேஜ்ஃபைல். எக்ஸ்பி தன் வேலைக்காகத் தானே எழுதி அழிக்கும் ஃபைல் அது, போனால் போகட்டும். எழுத்துருவோ பேஜ்மேக்கர் நிரலோ அங்கே இருந்திருந்தால் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

பார்ட்டிஷன் தொடங்கும் செக்டர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். எக்ஸ்பி போட்ட பார்ட்டிஷன் 63-ஆவது செக்டரில் தொடங்கும். 63-ஐ 512-ஆல் பெருக்கினால் 32,256. இது 4,096-ஆல் மீதியின்றி வகுபடாது. அதனால் எக்ஸ்பி டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தால், ஒவ்வொரு 4 கேபி துண்டும் எஸ்எஸ்டியின் இரண்டு கட்டங்களில் கால் வைத்து நிற்கும். ஒன்றை எழுத இரண்டைத் தொட வேண்டும். புது எஸ்எஸ்டி போட்டும் வேகமில்லை என்ற புகாரில் பாதி இதுதான். விஸ்டாவிலிருந்து தொடக்கம் 2048-ஆவது செக்டருக்கு மாறிவிட்டது. விண்டோஸ் 7 டிஸ்க்கை குளோன் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

புது விண்டோஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால் 11-தான் போட வேண்டும். பழைய விண்டோஸ் 7 சாவியை வைத்து 10, 11-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அடைத்துவிட்டது. பெட்டியோடு வந்த ஓஇஎம் சாவி பழைய மதர்போர்டோடு போய்விடும். ஆகவே சாவி புதிது.

இன்ஸ்டால் செய்யும்போது என்விஎம்இ தவிர மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றி வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், வேறு டிஸ்க் எதிலாவது ஏற்கெனவே ஒரு யுஇஎஃப்ஐ பூட் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் தன் பூட் ஃபைல்களை அங்கே போய் வைத்துக்கொள்ளக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க்கைக் கழற்றும் நாளில் கணினி எழும்பாது. இன்ஸ்டாலரில் என்விஎம்இ தெரியவே இல்லை என்றால் பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பார்த்து அணைக்கவும்.

இன்ஸ்டால் முடிந்ததும் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிவிட வேண்டும். 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே போனால், டிஸ்க் தானாகவே பிட்லாக்கர் முறையில் குறியாக்கம் ஆகிப் பூட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அச்சகத்தில் யாருடைய மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார்களோ அவரிடம்தான் 48 இலக்க மீட்புச் சாவி இருக்கும். வேலையை விட்டுப் போன டிடிபி ஆபரேட்டரின் கணக்காக அது இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சாவியைக் காகிதத்தில் அச்சடித்து பில் புக்கோடு பீரோவில் வைக்கச் சொல்வது நல்லது.

டி டிரைவ் வேலைகளை 1 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற, விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை. அதன் இயல்பான மறுமுயற்சி எண்ணிக்கை பத்து லட்சம், ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி காத்திருப்பு. ஒரே ஒரு ஃபைல் படிக்க முடியாவிட்டாலும் அங்கேயே தவம் கிடக்கும். மறுமுயற்சி 1, காத்திருப்பு 1 விநாடி என்று கொடுத்து, லாக் ஃபைல் எழுதச் சொல்லுங்கள். மிரர் விருப்பத்தைத் தொடாதீர்கள். மூலத்தில் இல்லாதவற்றை இலக்கில் அழிப்பதுதான் அதன் வேலை. முடிந்தபின் இரண்டு பக்கமும் எஸ்எச்ஏ256 தொகை (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டால் சந்தேகமே வேண்டாம். ஃபோல்டரைத் திறக்கும்போது "அனுமதி இல்லை, தொடரவா" என்று கேட்டால் தொடர் என்று அழுத்துவதும்கூடப் பழைய டிஸ்க்கில் எழுதுவதுதான், ஏனென்றால் ஒவ்வொரு ஃபைலின் அனுமதிப் பட்டியலையும் அது மாற்றும். பிம்பத்திலிருந்தோ லினக்ஸிலிருந்தோ எடுத்தால் இந்தக் கேள்வியே வராது.

பேஜ்மேக்கரை எங்கே வைப்பது

பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். 32 பிட் நிரல், ஆன்லைன் ஆக்டிவேஷன் கிடையாது, சிடி உறையில் இருக்கும் சீரியல் எண் போதும். விண்டோஸ் 11-இல் நேராகவே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தமிழ் வேலைக்கு அதில் கண்ணுக்குத் தெரியாத சில பள்ளங்கள் உண்டு. டேப் வகை எழுத்துருக்கள் 128-க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை வைத்திருக்கின்றன. விண்டோஸின் வட்டார அமைப்பில் "உலகமொழிகளுக்கு யுடிஎஃப்-8" என்ற பெட்டியில் யாராவது டிக் போட்டிருந்தால் அந்த இடங்கள் அத்தனையும் குலைந்து, எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். விண்டோஸோடு வரும் தமிழ்99 விசைப்பலகை யூனிகோடைத் தருவது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினியிலோ டேபிலோ தட்டச்சு செய்ய, அந்தக் குறிமுறையைத் தரும் என்எச்எம் ரைட்டர் போன்ற தனி மென்பொருள் வேண்டும். போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டர் ஒன்று இயல்புநிலையில் இல்லாவிட்டாலும் பேஜ்மேக்கர் பக்க அமைப்பிலேயே தகராறு செய்யும். போட்டோஷாப் 7 தன் பங்குக்கு, 16 ஜிபி ராமைப் பார்த்து எண்ணத் தெரியாமல் "நினைவகம் போதவில்லை" என்று முரண்டு பிடிக்கலாம்.

இந்த அச்சகத்தில் எக்ஸ்பி, கடையில் தனியாக வாங்கிய பெட்டி உரிமம். எனவே எக்ஸ்பி முழுவதையும் புதுக் கணினிக்குள் மெய்நிகர் கணினியாக (விண்டோஸ் 11-இன் ஒரு ஜன்னலுக்குள் ஓடும் கணினியாக) ஓட்டுவதே சுத்தமான வழி. எழுத்துருக்கள், விசைப்பலகை, ஸ்டைல் அமைப்புகள் எதையும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. ஓஇஎம் உரிமமாக இருந்தால் இந்த வழி கிடையாது. அப்போது மேலே சொன்னபடி நேராக விண்டோஸ் 11-இல்தான் போட வேண்டும்.

80 ஜிபி பிம்பத்தின் நகலை, மெய்நிகர் கணினி ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் மாற்றுக் கட்டளையால் விடிஐ (மெய்நிகர் டிஸ்க்) ஃபைலாக மாற்றியாயிற்று. மெய்நிகர் கணினிக்கு 1 ஜிபி ராம், ஒரு கோர், டிஸ்க்கை பிக்ஸ்4 வகை ஐடிஇ கன்ட்ரோலரில். முதல் பூட்டில் கறுப்புத் திரையில் நின்றது. கோர் 2 டுவோவில் நிறுவிய எக்ஸ்பி பல்பிராசஸர் அடுக்கோடு இருக்கும், அதற்கு ஐஓ ஏபிக் தேவை. அமைப்பில் அந்த டிக்கைப் போட்டதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. 7பி என்று முடியும் நீலத்திரை வந்தால் டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவர் பிரச்சினை. பிம்பத்தை ஒரு உபரி டிஸ்க்கில் இறக்கி, பழைய பெட்டியில் ஒருமுறை எழுப்பி, மெர்ஜ்ஐடிஇ என்ற ரெஜிஸ்ட்ரி இணைப்பை ஓட்டிவிட்டு மறுபடி பிம்பம் எடுக்க வேண்டும். வன்பொருள் மாறியதைக் கண்டு எக்ஸ்பி 3 நாளுக்குள் ஆக்டிவேஷன் கேட்கும், சாவியைக் கையில் வைத்திருங்கள்.

ஜன்னலின் கீழ்மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸின் ஹைப்பர்-வி மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது என்று பொருள். கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியும், இயங்கிக்கொண்டிருக்கும் ஹைப்பர்-வி கூறுகளும்தான் வழக்கமான காரணம். அணைத்தால் வேகம் வரும், ஆனால் விண்டோஸின் ஒரு காவலும் குறையும். பத்திரிகை வேலைக்கு ஆமையோடே ஓட்டினாலும் குறையில்லை.

பேஜ்மேக்கர், படங்களின் இணைப்பை முழுப் பாதையோடு வைத்திருக்கும். டி என்ற எழுத்து மாறினால் பழைய பத்திரிகை ஒவ்வொன்றிலும் படம் எங்கே என்று கேட்கும். அதனால் மெய்நிகர் கணினிக்குள் இரண்டாவது மெய்நிகர் டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அண்மை வருட வேலைகளை அதே ஃபோல்டர் பெயர்களோடு அதில் இட வேண்டும். சிடி டிரைவ் முந்திக்கொண்டு டி எழுத்தைப் பிடித்திருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் முதலில் அதை எக்ஸுக்குத் தள்ளிவிட்டு, டிஸ்க்குக்கு டி கொடுக்கவும். கன்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் இணைப்புப் பட்டியலில் கேள்விக்குறி ஏதும் இல்லை என்றால் பாதை சரி.

உள்ளிருந்து வெளியே ஃபைல் எடுக்க, கெஸ்ட் அடிஷன்ஸ் வழியாகப் பகிர்வு ஃபோல்டர். நெட்வொர்க் ஷேர் வழி வேண்டாம். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும், விண்டோஸ் 11 அதை மூடி வைத்திருக்கிறது, திறக்காமல் இருப்பதே நல்லது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-க்குப் பிறகு ஆதரவு கிடையாது. மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் கார்டையே கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கரோடு வந்த டிஸ்டில்லரில் எல்லா எழுத்துருவையும் உள்ளடக்கு என்று வைத்து பிடிஎஃப் ஆக்கி, வெளியே திறந்து, எழுத்துருப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளடக்கப்பட்டது என்று இருக்கிறதா எனப் பார்த்தபின்தான் பிளேட் போட அனுப்ப வேண்டும். "மணமக்கள்" என்ற சொல்லில் ஒரு எழுத்து இடம்மாறி ஆயிரம் பத்திரிகை அச்சாகிவிட்டால் நஷ்டம் கணினி விலையைவிடக் கூடும்.

எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஸ்கேனர். 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய பிளாட்பெட் ஸ்கேனரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. யுஎஸ்பி வழியாக மெய்நிகர் எக்ஸ்பிக்குக் கொடுத்தால் அங்கே அதன் பழைய டிரைவரோடே ஓடுகிறது. மென்பொருள் உரிமத்துக்காகப் பேரலல் போர்ட்டில் செருகும் டாங்கிள் இருந்தால் இந்த அதிர்ஷ்டம் கிடையாது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் வயர்கள் பிரிண்டருக்கானவை, டாங்கிளுக்கு ஆகாது.

எல்லாம் ஓடியதும் மெய்நிகர் கணினியை அணைத்துவிட்டு விடிஐ ஃபைலை அப்படியே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். கரண்ட் போய் எக்ஸ்பி சிதைந்தால் அந்த நகலை மாற்றி வைப்பது சில நிமிட வேலை. யுபிஎஸ் இருக்கிறதே என்று இருக்க முடியாது. புது எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சுற்று உண்டு. மலிவு யுபிஎஸ் தரும் சதுர அலைக்கு மாறும் நொடியில் சில எஸ்எம்பிஎஸ்கள் அணைந்துவிடும். முக்கியமான ஃபைல் எதுவும் திறந்திராத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுவதே சோதனை. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவும் குறையும், டிசம்பரில் சோதித்தால் உண்மையான நிமிடம் தெரியும்.

பழைய 500 ஜிபி டிஸ்க், புதுக் கேபிளோடு, நீண்ட ஸ்மார்ட் சோதனையும் தேறியபின், இரவு பேக்கப்புக்கான மூன்றாம் நகலாக மட்டும் கேபினெட்டில் இருக்கிறது. அதில் மட்டுமே இருக்கிற ஃபைல் என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. 80 ஜிபி ஐடிஇ, தேதி எழுதி, ஆன்டி ஸ்டாட்டிக் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் கவருக்குள், சுவரை ஒட்டாத அலமாரியில். நிறம் மாறும் வகை ஜெல்லாக வாங்கினால் எப்போது காயவைக்க வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். இன்ஸ்டால் சிடிக்களையும் மறக்க வேண்டாம். இந்த ஈரத்தில் அவற்றில் பூஞ்சை படியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்து, ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்துவிட வேண்டும். பழைய டிவிடி டிரைவைக் கேபினெட்டில் விட்டு வைத்தது அதற்காகத்தான்.

இதே வேலையைப் பச்சைத் தேயிலை கொள்முதல் நிலையத்துக் கணினிக்குச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எடைத் தராசு 9 பின் சீரியலில் வருகிறது என்றால் போர்டு வாங்கும் முன் காம் ஹெடர் இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். எச்610 போர்டுகள் பலவற்றில் உண்டு, பின்தகடு வயர் மட்டும் தனியாக வாங்க வேண்டும். யுஎஸ்பி மாற்றி என்றால் எஃப்டிடிஐ சிப் உள்ளதாக வாங்குங்கள். புரோலிஃபிக் சிப்பின் பழைய, போலி வகைகளைப் புது டிரைவர் ஏற்பதில்லை. பழைய எடை மென்பொருள் காம்1-ஐ மட்டும்தான் தேடும் என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் மேம்பட்ட அமைப்பில் எண்ணை 1-க்கு மாற்றிக்கொள்ளலாம்.